வெள்ளையா கசியுதே, மருந்து வீணா? புரோஜெஸ்டிரான் ஜெல், கேப்ஸ்யூல்: என்ன வித்தியாசம்?

ஐவிஎஃப் சிகிச்சையில் கருவை வைத்த பிறகு பல பெண்களுக்கு வரும் பயம் இது: "பிறப்புறுப்பில் வைத்த மருந்து கசிஞ்சு வந்துடுச்சே, எல்லாம் போச்சா?"

பெரும்பாலும் போகலை. புரோஜெஸ்டிரானை உடல் உறிஞ்சிக்கொண்ட பிறகு, அதைச் சுமந்து வந்த கொழுப்பு, எண்ணெய், ஜெல் ஆகியவற்றின் மிச்சம்தான் வெளியே வரும்.

எது எப்படி வேலை செய்யும்?

* சப்போசிட்டரி: கொழுப்பில் செய்தது. உடல் சூட்டில் உருகும், கசிவு அதிகம். 400 மி.கி. என்றால் தினமும் 2 முறை.
* கேப்ஸ்யூல்: எண்ணெயில் கலந்த மருந்து. பெரும்பாலும் 200 மி.கி., தினமும் 2 அல்லது 3 முறை.
* ஜெல்: உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக மருந்தை விடும். அதனால் 90 மி.கி. பொதுவாக தினமும் ஒருமுறை.

ரத்தத்தில் அளவு குறைவா?

ஊசி போட்டவர்களைவிட குறைவாகத்தான் காட்டும். ஆனால் மருந்து நேராக கருப்பைக்குப் போவதால், அங்கே அளவு அதிகமாகவே இருக்கும்.

இதை மறக்காதீங்க

400 பெருசு, 90 சிறுசு என்று மி.கி. கணக்கை மட்டும் பார்த்து மாற்றக் கூடாது. கடையில் வேறு வகை கொடுத்தாலோ, வைத்த உடனே மருந்து முழுசா வெளியே விழுந்தாலோ, அடுத்த டோஸை நீங்களே கூட்டாமல் டாக்டரைக் கேளுங்க. ரத்தக்கசிவு இருந்தாலும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீங்க, உடனே டாக்டரிடம் சொல்லுங்க.