பங்குனி ஆமைக்காக நடந்தவர்கள்

நான் மந்தைவெளியில இருந்து பேசறேன். இந்தப் பேரைப் பிரிச்சுப் பாருங்க: மந்தை, வெளி. ஆடுமாடு மேய்ந்த வெளி. இப்போ மேய்ச்சலும் இல்லை, வெளியும் இல்லை. ஆனா இங்கேயிருந்து கிழக்கே நடந்தா பட்டினப்பாக்கம் கடற்கரை. அந்த மணலுக்கு ஒரு காட்டு ஜீவன் இன்னமும் வருஷா வருஷம் வந்து போகுது.

ஆலிவ் ரிட்லி ஆமை. நம்ம மீனவர்கள் வைத்த பெயர் பங்குனி ஆமை. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை பெண் ஆமை ராத்திரியில் கரையேறி, குழி தோண்டி, நூறு முட்டை அளவுக்கு இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சு பொரிய ஏறத்தாழ 45 முதல் 60 நாள். தாய் திரும்பி வந்து பார்ப்பதில்லை.

அந்த முட்டைகளை நாய் தோண்டும், மனிதர்களும் தோண்டி எடுப்பார்கள். 1970-களின் தொடக்கத்தில் ராமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்களும் ராத்திரியில் கடற்கரையில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பாகப் பொரிக்க வைத்தார்கள். சென்னையின் ‘டர்ட்டில் வாக்’ அங்கேதான் ஆரம்பம். ஐஐடி மாணவராக இருந்த சதீஷ் பாஸ்கர் இந்த வட்டத்திலிருந்து கிளம்பி, ஆமைகளைத் தேடி இந்தியக் கடற்கரைகளையே நடந்து அளந்தார். 1980-களில் வனத்துறை பொரிப்பகங்களை நடத்தியது. 1988-ல் அந்த வேலையைக் கல்லூரி மாணவர்கள் கையில் எடுத்தார்கள். அதுதான் எஸ்.எஸ்.டி.சி.என். என்கிற மாணவர் அமைப்பு. அன்றிலிருந்து ஒவ்வொரு சீசனும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, சுமார் 7 கிலோமீட்டர், நடக்கிறார்கள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒண்ணுதான். பொதுமக்களும் இவங்களோட சேர்ந்து நடக்கலாம். ஆனா ஆமையைக் காட்டுறோம்னு யாரும் வாக்கு கொடுக்க மாட்டாங்க. பல ராத்திரி ஒரு தடம்கூடக் கிடைக்காது. ஃபிளாஷ் போடக் கூடாது, சத்தம் கூடாது, முட்டையிடுற ஆமையைச் சுத்தி நிக்கக் கூடாது. மத்த சுற்றுலாவுல காசு கொடுத்தவர் சொல்றதுதான் சட்டம். இங்கே ஆமை வெச்சதுதான் சட்டம்.

வெளிச்சத்துக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? பொரிந்து வரும் குஞ்சு, எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கோ அந்தப் பக்கம் போகும். விளக்கே இல்லாத கரையில் அது கடல்தான். நம்ம ஊரில் அது தெருவிளக்கு. குஞ்சு ரோட்டைப் பார்த்து நடக்கும். ஆமை சீசனில் பெசன்ட் நகர் பக்கம் ராத்திரி விளக்குகளை அணைக்க மாநகராட்சி சில வருஷங்களில் ஏற்பாடு செய்ததற்கும், முட்டைகளை வேலி போட்ட பொரிப்பகத்துக்கு மாற்றுவதற்கும் காரணம் இதுதான்.

ஐம்பது வருஷ நடை மணலில் முட்டைகளைக் காப்பாற்றியிருக்கிறது. தாய்களைக் கடலில் காப்பாற்ற அது போதவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான். மூச்சு விட மேலே வந்தாகணும். இழுவலையில் சிக்கினால் வர முடியாது, மூழ்கிச் சாகும். விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவலை போடக் கூடாதுன்னு விதி இருக்கு. ஆமை தப்பிப்பதற்காக வலையில் பொருத்தும் கருவியும் இருக்கு. இரண்டும் ஏட்டில் இருந்தால் போதாது, கடலில் நடக்கணும்.

இதைச் சொல்லும்போது எல்லா மீனவர்களையும் ஒரே தட்டில் வைக்காதீங்க. கரையோரத்தில் சின்னப் படகில் போகிறவரும் இழுவலைக் கப்பல்காரரும் ஒண்ணு இல்லை. இழுவலை கரைக்கு நெருங்கி வந்தா, ஆமையோட சேர்ந்து சின்னப் படகுக்காரரின் மீனும்தான் போகுது.

வர்ற சீசன்ல நடக்கப் போறீங்கன்னா, நல்ல செருப்பு போடுங்க, போனைப் பைக்குள்ள வைங்க. போற வழியில இருக்கிற குப்பம் வியூ பாயின்ட் இல்லை, மத்தவங்க வீட்டு வாசல். பேச்சைக் குறைச்சு நடங்க. ஆமை வரலைன்னா யார்கிட்டயும் குறை சொல்லாதீங்க. அது நமக்காக வர்றதில்லை.