வானவழியும் வழிப்புள்ளியும்

கடலுக்கு மேலாகச் செல்லும் விமானப் பாதைகளிலே வழிப்புள்ளி எனப்படுவது கண்ணாற் காணத்தக்க பொருளன்று. அகலாங்கும் நெட்டாங்கும் வெட்டும் ஓரிடத்துக்கு ஐந்தெழுத்துப் பெயரொன்றைச் சூட்டி வரைபடத்திற் குறித்து வைத்தனர், அவ்வளவே. அங்கே தீவுமில்லை, விளக்குமில்லை. அவ்விடத்தைக் கடந்துவிட்டதாக விமானி எதனைக் கொண்டு துணிகின்றார் என்னும் வினாவுக்குக் காலந்தோறும் விடை மாறி வந்துள்ளது.

1942 இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்குமிடையிலான வானவழி அறுந்தது. அறுந்த வழியை ஒட்ட, 1943 முதல் 1945 வரை பேர்த் நகருக்கும் நம் நாட்டின் தென்கரையிலுள்ள கொக்கல வாவிக்குமிடையே குவாண்டாஸ் நிறுவனத்தார் கற்றலினா நீர்விமானங்களைச் செலுத்தினர். ஏறக்குறைய 5,600 கிலோமீற்றரை நிற்காது கடக்க 27 மணிநேரத்துக்கு மேலாயிற்று. பகைவருக்கு அஞ்சி வானொலியை வாய் திறவாது வைத்தனர். வழிகாட்டுவோர் விண்மீன்களின் உயரத்தை அளந்தே தம் இருப்பிடத்தைக் கணித்தார். அவ்விமானங்களுக்கு வேகா, இறைஜல், ஸ்பைக்கா என விண்மீன்களின் பெயர்களையே இட்டமை பொருத்தமானதே. 271 தடவை கடந்தும் ஒரு விமானமேனும் வழிதவறி மறையவில்லை.

போரின் பின் தரையிலே வானொலி வழிகாட்டி நிலையங்கள் பெருகினவாயினும் அவற்றின் குரல் நடுக்கடலுக்கு எட்டவில்லை. 1970 இற் சேவைக்கு வந்த போயிங் 747 விமானத்திற் சடத்துவ வழிகாட்டி பொருத்தப்பட்டது. இக்கருவி வெளியே எதனையும் நோக்குவதில்லை. புறப்பட்ட இடத்தை ஒருமுறை அறிவித்துவிட்டால், விமானத்தின் ஒவ்வோர் ஆர்முடுகலையும் அளந்து இருப்பிடத்தைத் தானே கணித்துக்கொள்ளும். விண்மீன் பார்த்தவரின் ஆசனம் வெறுமையாயிற்று.

அதன் விளைவை ஆராய்வதற்குக் கொரிய விமானம் 007 இன் வரலாறே தக்கது. 1983 செப்டெம்பர் 1 ஆம் நாள் அலாஸ்காவின் அங்கரேஜிலிருந்து சியோலுக்குச் சென்ற அவ்விமானம் நாபி, நக்ஸ், நீவா முதலிய புள்ளிகள் வழியே செல்லவேண்டியது. கருவியிற் பிழையில்லை. தானியங்கி ஓட்டி அக்கருவியோடு இணையாது ஒரே திசையைப் பற்றி நின்றதென்பது பின்னர் நடந்த விசாரணையின் முடிபு. தரைநிலையத்தையுடைய பெத்தலையே 12 கடல் மைல் வடக்கே விலகிக் கடந்தது. ஆயினும் புள்ளிக்கு நேர்ப்பக்கமாகச் செல்லும்போதும் கருவி அடுத்த புள்ளிக்கு மாறிவிடும். ஆகவே விமானிகள் ஒவ்வொன்றாகக் கடந்துவிட்டதாக நேரம் குறித்து அறிவித்தனர். பின்னால் வந்த மற்றொரு கொரிய விமானத்துக்குப் பின்காற்று, இவர்களுக்கோ எதிர்க்காற்று. இவ்வேறுபாட்டைத் தம்முட் பேசிக்கொண்டும் அதன் பொருளை ஒருவரும் உணர்ந்திலர்! சகலின் தீவருகே சோவியத்துப் போர்விமானம் சுட்டு வீழ்த்த, 269 பேரும் மாண்டனர். பயணிகள் விமானத்தைச் சுட்டது கொடுஞ்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வழிதவறியமைக்கு அது விடையாகாது.

அம்மாதத்திலேயே, செய்மதி வழிகாட்டியைப் பொதுமக்கள் விமானங்களுக்கும் திறந்துவிடுவதாக அமெரிக்க சனாதிபதி றேகன் அறிவித்தார். இன்று பிழை சில மீற்றரே. எனினும் புள்ளிகளின் ஆயங்களை இரு விமானிகளும் தனித்தனியே சரிபார்க்கின்றனர். சமுத்திரப் பாதையில் ஒரு புள்ளியைக் கடந்து ஏறக்குறையப் பத்து நிமிடங்களின் பின், விமானம் நிற்குமிடத்தை வரைபடத்திற் குறித்து, போகவேண்டிய கோட்டின்மேல் அது விழுகின்றதா என்று பார்க்கின்றனர்.