பலேர்மோவின் கத்னாவும் ஹட்சின்சனின் கணக்கும்

1. ஆய்வின் எல்லை

மதச் சடங்காக இருந்த சுன்னத் (கத்னா), அதாவது ஆண்குறியின் முன்தோலை நீக்குவது, மருத்துவக் காரணம் சொல்லிச் செய்யும் அறுவையாகவும் மாறியது விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில்தான். அந்த மாற்றத்துக்கு எண்களால் வலுவூட்டியவர் லண்டன் அறுவை மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் (1828–1913). அவருக்கு ஒன்பது நூற்றாண்டுகள் முன்பே சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோ இந்த அறுவையைப் பெருமளவில் அறிந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: கத்திக்குச் சொன்ன காரணம் காலந்தோறும் மாறியது, கத்தி யார் கையில் இருக்கிறது என்ற கேள்விக்குத்தான் யாரும் போதிய இடம் தரவில்லை.

2. ஆட்சியாளரின் ஆணை

831 முதல் 1072 வரை பலேர்மோ முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. 962இல் பாத்திமியக் கலீபா அல்-முயிஸ் தம் பிள்ளைகளின் கத்னாவையொட்டி, ஆட்சிப்பரப்பு முழுவதும் சிறுவர்களுக்குக் கத்னா செய்விக்க ஆணையிட்டார். சிசிலியில் மட்டும் 15,000 சிறுவர்கள் என்றும், அவர்களுக்காக 1,00,000 திர்ஹமும் ஐம்பது சுமைப் பரிசுகளும் வந்தன என்றும் அரபு வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பழைய நூல்களின் பெருந்தொகைகளை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் இது அரசு முன்னின்று நடத்திய விழா என்பதில் ஐயமில்லை. சிசிலி முஸ்லிம்களின் வரலாற்றை அரபு மூலங்களிலிருந்து திரட்டி எழுதியவர் பலேர்மோவில் பிறந்த மிக்கேலே அமாரி. அதன் முதல் தொகுதி 1854இல் வெளிவந்தது.

ஏறக்குறைய அதே தலைமுறையில் கொர்தோபாவில் வாழ்ந்த மருத்துவர் அல்-ஸஹ்ராவி இந்த அறுவையைத் தம் மருத்துவ நூலில் விளக்குகிறார். முன்தோலை நூலால் கட்டிக் கத்தரிக்கோலால் வெட்டுவதே அவருக்கு உகந்த முறை. நூல் கட்டுவதோடு வேலை முடிந்தது என்று சிறுவனை நம்பவைத்து, அவன் கண்ணில் படாமல் கத்தரிக்கோலை மறைத்து வைக்கச் சொல்கிறார். பிள்ளையின் அச்சத்தையும் கணக்கில் எடுத்த இந்த அக்கறை, பல நூற்றாண்டுகள் கழித்து வந்த மருத்துவ விவாதங்களில் அரிதாகவே தென்படுகிறது.

1493 தொடக்கத்தில் யூதர்கள் சிசிலியைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் ஸ்தெரி மாளிகையில் இயங்கிய ஸ்பானிய மத விசாரணை மன்றத்தின் காலத்தில், கத்னாவின் தழும்பு ஒருவர்மீது சந்தேகத்தைக் கிளப்பும் அடையாளமாயிற்று.

3. 1855: எண்கள் பேசிய விதம்

லண்டன் மெட்ரோபொலிட்டன் இலவச மருத்துவமனைக்குப் பால்வினை நோயோடு வந்தவர்களை ஹட்சின்சன் இரு பிரிவாக எண்ணினார். யூதரல்லாதார் 272 பேரில் மேகப்புண் 165, வெட்டை நோய் 107. யூதர் 58 பேரில் மேகப்புண் 11, வெட்டை 47. முன்தோல் இல்லாததே மேகப்புண்ணைத் தடுத்தது என்று முடிவு கட்டினார்.

எண்ணிக்கையில் குறை காண முடியாது, ஒப்பீட்டில்தான் ஓட்டை. இரு சமூகங்களின் திருமண வழக்கம், பழகும் வட்டம், வாழ்க்கைமுறை எல்லாம் வேறுவேறு. அவ்வளவு வேறுபாட்டையும் ஒரு துண்டுத் தோலின் மேல் ஏற்றினார். 1890களில் சிறுவர்களின் சுயஇன்பத்தைத் தடுக்கவும் இதே அறுவையைப் பரிந்துரைத்தார். அங்கே மருத்துவம் ஒழுக்கப் போதனைக்கு அடியாளாகிவிட்டது என்பதே என் கருத்து.

4. பிற்காலச் சோதனைகள்

இங்கிலாந்தில் குழந்தைகளுக்குச் சுன்னத் செய்யும் வழக்கத்தைத் தளர்த்தியதில் 1949இல் டக்ளஸ் கெய்ர்ட்னர் எழுதிய கட்டுரைக்குப் பெரும்பங்கு உண்டு. அறுவையால் ஆண்டுக்குச் சுமார் 16 குழந்தைகள் இறப்பதை அவர் காட்டினார்.

தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா நாடுகளில் வளர்ந்த ஆண்களிடம் நடந்த சோதனைகள், பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவதைக் காட்டின. ஆனால் 2009இல் வெளியான உகாண்டா முடிவுகளில், மேகப்புண் தொற்று குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஹட்சின்சன் எந்த நோய்க்காக வாதாடினாரோ, அதற்கே அந்தச் சோதனையில் ஆதாரம் கிட்டவில்லை.

5. இன்றைய நிலை

பலேர்மோவில் இன்று வங்கதேச, துனிசிய முஸ்லிம் குடும்பங்களும் வாழ்கின்றன. கத்னா இப்போது அந்தக் குடும்பங்களின் தாய் தகப்பனுடைய கவலை. மதச் சடங்காகச் செய்யும் கத்னா சட்டத்துக்கு உட்பட்டதே என்று இத்தாலியின் தேசிய உயிரியல் அறநெறிக் குழு 1998இல் கருத்துரைத்தது. ஆயினும், நாடு முழுவதற்கும் அரசு உறுதி செய்யும் சிகிச்சைகளின் 2001ஆம் ஆண்டுப் பட்டியலில் அதற்கு இடம் தரப்படவில்லை. தனியார் கட்டணம் கட்ட இயலாதவர்கள் வீட்டுக்கு ஆள் அழைக்கிறார்கள். 2018 டிசம்பரில் ரோமுக்கு அருகே மொந்தெரொதோந்தோவில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அப்படித்தான் இரத்தப்போக்கில் இறந்தது. மருத்துவப் பலன் உண்டா இல்லையா என்று வாதிடுவோர், சுத்தமான அறையும் பயிற்சி பெற்ற கையும் குறைந்த செலவில் கிடைக்க வழி செய்வதைப் பற்றியும் பேச வேண்டும்.