நொறுங்கு ஆழம்: இரண்டாம் உலகப்போர் நீர்மூழ்கிகளின் உண்மையான எல்லை

இரண்டாம் உலகப்போர்க் கால நீர்மூழ்கிக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு ஆழங்கள் குறிக்கப்பட்டிருந்தன. ஒன்று, கப்பல் வழக்கமாக இறங்க அனுமதிக்கப்பட்ட ஆழம். மற்றது, அதன் எஃகுக் கூடு நீரழுத்தம் தாங்காமல் நொறுங்கும் என்று வடிவமைப்பாளர் கணக்கிட்ட ஆழம். ஜெர்மனியின் ஏழாம் வகை 'சி' கப்பலுக்கு முதலாவது 100 மீட்டர், இரண்டாவது 250 மீட்டர். அமெரிக்காவின் 'கேட்டோ' வகைக்கு அனுமதி 300 அடி, அதாவது 91 மீட்டர். அடுத்து வந்த 'பலாவோ' வகைக்கு 400 அடி, 122 மீட்டர். போர் வரலாற்று நூல்கள் இந்த எண்களை அருகருகே அடுக்கி, எந்த நாட்டுக் கப்பல் வலியது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகின்றன. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது. ஒரு நாட்டின் அனுமதி ஆழத்தை இன்னொரு நாட்டின் நொறுங்கு ஆழத்தோடு ஒப்பிடுவது, வண்டியில் ஏற்றலாம் என்ற சுமையை அச்சு முறியும் சுமையோடு ஒப்பிடுவதற்குச் சமம். எல்லாக் கூடுகளையும் ஒரே அளவுகோலால் அளந்தால் வேறொரு படம் கிடைக்கிறது.

அந்த அளவுகோல் எஃகின் தகைவு. கடல்நீரின் அழுத்தம் 10 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் என்ற கணக்கில் கூடுகிறது. நீர்மூழ்கியின் உள்ளே மனிதர் மூச்சுவிடும் காற்று மேற்பரப்பின் அழுத்தத்திலேயே இருப்பதால், வெளி அழுத்தம் முழுவதையும் உருளை வடிவக் கூடே தாங்கியாக வேண்டும். உருளையின் சுற்றுத் தகடு அனுபவிக்கும் தகைவு, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தகட்டின் தடிமனால் வகுத்தால் வருவது. ஏழாம் வகை 'சி'யின் அழுத்தக்கூடு 4.7 மீட்டர் விட்டமும் 18.5 மி.மீ. தடிமனும் கொண்டது. 100 மீட்டரில் அதன் தகட்டில் ஏறத்தாழ 128 மெகாபாஸ்கல் தகைவு எழும். கேட்டோவின் கூடு சுமார் 16 அடி விட்டமும் 17.5 மி.மீ. தடிமனும் உடையது. அதன் அனுமதி ஆழமான 91 மீட்டரிலும் விடை அதே 128 தான். தடிமனை 21 மி.மீ. அளவுக்கு உயர்த்திய ஜெர்மனியின் 'சி/41' 120 மீட்டரிலும், 22 மி.மீ. தகடு கொண்ட பலாவோ 122 மீட்டரிலும் ஏறத்தாழ 135 மெகாபாஸ்கலைத் தொடுகின்றன. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும், ஒருவர் வரைபடத்தை மற்றவர் பாராமலே, அன்றாடப் பயன்பாட்டில் எஃகை எவ்வளவு வருத்தலாம் என்பதில் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

வேறுபாடு அதற்குக் கீழேதான் தொடங்குகிறது. ஜெர்மானியர் பயன்படுத்திய 'எஸ்டி 52' எஃகின் பெயரிலுள்ள எண், சதுர மில்லிமீட்டருக்கு 52 கிலோகிராம் என்ற இழுவலிமையைக் குறிக்கும். அது தன் மீட்சி எல்லையைக் கடப்பது 350 மெகாபாஸ்கல் அளவில். 'சி' கப்பல் 250 மீட்டரில் இருக்கும்போது தகட்டுத் தகைவு 320. 'சி/41'க்குக் குறிக்கப்பட்ட 300 மீட்டரில் 338. ஆக, நொறுங்கு ஆழம் என்று எழுதப்பட்ட எண், அனுமதி ஆழத்தை 2.5 என்ற பாதுகாப்புக் காரணியால் பெருக்கியது மட்டுமன்று. எஃகு மீண்டும் பழைய வடிவுக்குத் திரும்பாத எல்லையின் விளிம்பும் அதுவே. கேட்டோவின் கூடோ மென்னெஃகு. அதன் எல்லை மிகவும் தாழ்ந்தது. ஆகவே ஒரே தகைவில் இயங்கிய இரு கப்பல்களில், ஜெர்மானியக் கப்பலுக்குக் கீழே இருந்த இடைவெளி பெரிது, கேட்டோவுக்குக் கீழே இருந்தது சிறிது. உயர்வலிமை எஃகுக்கு மாறிய பலாவோவில்தான் அமெரிக்கக் கப்பல்களுக்கு அந்த இடைவெளி கிடைத்தது.

இந்த எளிய கணக்கு முழு உண்மையன்று. மெல்லிய உருளை வெளியிலிருந்து அழுத்தப்படும்போது, எஃகு தன் எல்லையைத் தொடுவதற்கு முன்பே தகடு அலையலையாக நெளிந்து உள்வாங்கக்கூடும். இதைத் தடுக்கவே கூட்டின் நீளம் முழுதும் நெருக்கமாக வளையச் சட்டங்கள் பொருத்தப்பட்டன. சட்டங்களுக்கு இடைப்பட்ட தகடு எப்போது நெளியும் என்பதற்கு ஃபான் மீசஸ் 1914இல் சமன்பாடு தந்தார். சட்டத்தை ஒட்டிய இடத்தில் தகடு கூடுதலாக வளைவதை ஃபான் சாண்டனும் குந்தரும் 1920இல் ஆராய்ந்தனர். விண்டன்பர்க், டிரில்லிங் இருவரும் 1934இல் இவற்றை அமெரிக்கக் கடற்படையின் மாதிரிச் சோதனைகளோடு ஒப்பிட்டு நடைமுறைக்கு எளிதாக்கினர். சட்டங்கள் போதிய நெருக்கத்திலும் வலிமையிலும் இருந்தால் நெளிவும் மீட்சி எல்லையும் அருகருகே வந்துவிடும். அப்போது எளிய கணக்கே நல்ல மதிப்பீடாகிறது. ஆனால் உருளை எவ்வளவு வட்டமாக உருட்டப்பட்டது என்பது மட்டும் எந்தச் சமன்பாட்டிலும் தானாக வராது. சற்றே நீள்வட்டமாகிவிட்ட வளையம் அழுத்தம் ஏற ஏற மேலும் நீள்வட்டமாகும். கட்டும் தளத்தில் நேர்ந்த சில மில்லிமீட்டர் பிசகு கடலடியில் பல மீட்டர் ஆழத்தைக் காவு கொள்ளும். ஒரே வரைபடத்தில் கட்டிய இரு கப்பல்களுக்கு ஒரே நொறுங்கு ஆழம் இருந்தது என்று கொள்வதற்கில்லை.

அனுபவம் என்ன சொல்கிறது? 1941 நவம்பர் 25 அன்று, ஜெர்மனியின் ஏழாம் வகை 'சி' கப்பலான யு-331, மத்திய தரைக்கடலில் 'பர்ஹாம்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை மூழ்கடித்தபின், கட்டுக்கடங்காமல் சுமார் 265 மீட்டர் வரை இறங்கியது. ஓர் ஆழமானி முன்னதாகவே நின்றுவிட்டதால், இவ்வளவு ஆழத்தில் இருப்பதைக் கப்பலில் இருந்தவர்கள் உடனே அறியவில்லை. அந்த ஆழத்தில் தகைவு 338 மெகாபாஸ்கல். கப்பல் மீண்டு எழுந்தது. இதை ஒப்பிட்டால், பலாவோ வகையைச் சேர்ந்த 'டாங்' சோதனை ஓட்டத்தில் 612 அடி இறங்கியது வியப்புக்குரியதன்று. அங்கே தகைவு 206 மட்டுமே. அதே வகையின் 'சாப்பர்' 1969 பிப்ரவரியில், கியூபா அருகே மின்சாரம் இழந்து மூக்குக் குத்தி விழுந்தபோது, முன்முனை 1,011 அடியையும் பின்முனை 720 அடியையும் தொட்டன. கப்பல் ஏறக்குறையச் செங்குத்தாக நின்றிருக்கிறது. நடுக்கூட்டின் தகைவு 290 அளவில் இருந்திருக்கும். முன்பகுதி இன்னும் ஆழத்தில் இருந்தாலும் அங்கே கூடு குறுகுவதால் தகைவு தணியும். இந்தச் சான்றுகளில் ஒரு குறை உண்டு: பேசுபவை திரும்பி வந்த கப்பல்கள் மட்டுமே. போரில் அழிந்த எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் ஆழத்தில் நொறுங்கியவை தம் கடைசி ஆழத்தை எழுதிவைக்கவில்லை. உயிர்தப்பியோரின் அளவுகளைக் கொண்டு சராசரி நொறுங்கு ஆழத்தை ஊகிப்பது கூட்டின் வலிமையை மிகைப்படுத்தவே செய்யும்.

கூடு நொறுங்காமலே கப்பல் திரும்ப முடியாத ஆழமும் உண்டு. இறங்க இறங்கக் கூடு சுருங்குகிறது. சுருங்கினால் இடம்பெயர்க்கும் நீர் குறைந்து மிதப்பு குறையும், கப்பல் தானாகவே கனத்துக்கொண்டு போகும். மிதவைத் தொட்டிகளிலிருந்து நீரை வெளித்தள்ளும் காற்றும் அங்கே வலுவிழக்கிறது. மேற்பரப்பில் 26 கன மீட்டரை நிரப்பும் காற்று 250 மீட்டரில் ஒரு கன மீட்டரையே நிரப்பும். சுழலி அச்சின் அடைப்புகள், புகைபோக்கி வால்வுகள், குளிர்விப்பு நீர்க் குழாய்கள் என்று கூட்டைத் துளைத்துச் செல்பவை தகட்டுக்கு முன்பே ஒழுகத் தொடங்கும். பலாவோவின் கூடு சுமார் 900 அடி வரை தாங்கும் என்று கணக்கிட்டிருந்தும் அனுமதியை 400 அடியில் நிறுத்தியதற்கு, கப்பலின் எடையைச் சமன்செய்யும் பம்பு அதற்கும் கீழே திறம்பட இயங்காததும் ஒரு காரணம். தகடுகளை இணைக்கும் முறையும் அனுமதியை மாற்றியது: முந்தைய பிரிட்டிஷ் 'டி' வகைக் கப்பல்களில் தகடுகள் தறையாணிகளால் இணைக்கப்பட்டன. பின்னர் பற்றவைப்பு வந்ததும் அனுமதி ஆழம் 300 அடியிலிருந்து 350 ஆயிற்று.

இந்த எண்களின் விலை மனித உயிர். 1941 ஆகஸ்டில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே சரணடைந்த யு-570ஐப் பிரிட்டிஷார் 'கிராஃப்' என்று பெயரிட்டு ஆராய்ந்தபோதுதான், தாங்கள் எண்ணியதைவிட ஜெர்மானியக் கப்பல்கள் வெகு ஆழம் போவதைக் கண்டறிந்தனர். அதுவரை எத்தனையோ ஆழ்நீர்க் குண்டுகள் இலக்கின் தலைக்கு மேலே வெடித்திருக்கின்றன. குண்டு நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் மூழ்குவதால், 200 மீட்டருக்குப் போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் நீர்மூழ்கி திசை மாறிவிடும். ஆழம் தந்த பாதுகாப்புக்கு மறுபக்கமும் உண்டு. நொறுங்கும் எல்லைக்கு அருகில் ஏற்கனவே விறைத்திருக்கும் தகட்டுக்குத் தொலைவில் நிகழும் சிறு வெடிப்பின் அதிர்வும் போதுமானது.

போரின் இறுதியில் வந்த ஜெர்மனியின் இருபத்தொன்றாம் வகையில் இந்தக் கணக்கு முழுமையாகச் சோதிக்கப்பட்டது. அதன் கூட்டின் மேற்பகுதி 5.3 மீட்டர் விட்டமும் 26 மி.மீ. தடிமனும் கொண்டது. குறிக்கப்பட்ட நொறுங்கு ஆழம் சுமார் 330 மீட்டர். அங்கே தகைவு மீண்டும் 338 மெகாபாஸ்கல், முந்தைய வகைகளில் கண்ட அதே எண். ஆனால் இந்தக் கப்பலின் குறுக்குவெட்டு ஒற்றை வட்டமன்று. மேலே பெரிய வட்டமும் கீழே மின்கலங்களுக்கான சிறிய வட்டமுமாக எட்டு என்ற எண்ணின் வடிவில் அமைந்தது. வட்டங்கள் சந்திக்கும் இடத்தில் சுமை சீராகப் பகிரப்படுவதில்லை. அதன் துண்டுகளை உருவாக்கியவையும் பழகிய கப்பல் தளங்களல்ல. உள்நாட்டு எஃகு ஆலைகள். ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய துண்டுகளின் அளவில் பிசகுகள் நேர்ந்தன. சோதனையில் கூடுகள் 330 மீட்டரை எட்டுவதற்கு முன்பே தோற்றன.