கப்பலில் ஒரு மூலை

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் இடம் திருமுக்கூடல். ஆண்டின் பெரும்பகுதி அங்கே மணலைத்தான் காணலாம். மழைக்காலத்தில் நீர் வந்துவிட்டால், அது கிழக்கே ஓடி வயலூர்ப் பக்கத்தில் கடலைச் சேரும். அந்த முகத்துவாரத்தை ஒட்டி வாசவசமுத்திரம் என்றொரு சிற்றூர் உண்டு. 1970ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாடு தொல்பொருள் துறையினர் அங்கே அகழ்ந்தபோது, ஆம்போரா என்னும் இரு கைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாட்டார் மதுவும் எண்ணெயும் அடைத்து அனுப்பிய சாடிகள் அவை.

ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கப்பல் முழுவதையும் தம் சரக்கால் நிரப்பக்கூடிய வணிகர் எந்தக் காலத்திலும் ஒரு சிலர்தாம். மற்றவர்களெல்லாம் கப்பலில் ஒரு மூலையைப் பெற்று, முன்பின் அறியாதவர்களின் மூட்டைகளோடு தம் மூட்டையையும் அனுப்பியவர்களே. இன்று கன்டெய்னர் என்னும் இரும்புப் பெட்டியில் நாம் அதையே செய்கிறோம். பெட்டி முழுவதையும் எடுக்க வசதியில்லாதவர் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறார். துறைமுகத்தில் இதற்கு எல்.சி.எல். சரக்கு என்று பெயர். நாம் பங்குச் சரக்கு என்று சொல்வோம்.

எங்கள் பக்கத்தில் கல் தொழில் மிகுதி. எனக்குத் தெரிந்த ஒருவர் அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தி, வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக அங்குள்ள கடைக்காரர் ஒருவருக்கு அனுப்புகிறார். ஒருநாள் மாலை கையில் ஒரு பில்லோடு வீட்டுக்கு வந்தார். "சார், கடலைத் தாண்டுறதுக்கு ஆனது இவ்வளவுதான். இந்தக் கரையில ஏத்தினதுக்கும் அந்தக் கரையில இறக்கினதுக்கும் அதைப்போல மூணு பங்கு ஆயிருக்கு. நீங்க கணக்கு வாத்தியாருதானே, இது என்ன கணக்கு?" என்று கேட்டார். நான் பௌதிக ஆசிரியன். கணக்கு ஆசிரியன் அல்லன். ஆயினும் அவர் கேட்டதில் பாதி பௌதிகம், மீதி வரலாறு.

பௌதிகத்தை முதலில் முடித்துவிடுவோம். பங்குச் சரக்குக்குக் கூலி விதிக்கும்போது இரண்டு அளவுகளைப் பார்க்கிறார்கள். சரக்கு எத்தனை கனமீட்டர் இடத்தை அடைக்கிறது, எத்தனை டன் எடையுள்ளது என்பன அவை. இவ்விரண்டு எண்களில் எது பெரிதோ அதற்குத்தான் கூலி. ஒரு கனமீட்டர் அளவுள்ள மரப்பெட்டியில் கோரைப்பாய்களை அடைத்தால் எடை 200 கிலோ என்று கொள்வோம்; ஒரு பங்குக் கூலி கொடுத்தால் போதும். அதே பெட்டியில் 1,800 கிலோ கருங்கல்லை அடைத்தால் 1.8 பங்கு கொடுக்கவேண்டும். இது அநியாயம் என்று நண்பர் நினைத்தார். இருபதடிப் பெட்டி ஒன்றின் உட்புறம் ஏறக்குறைய 33 கனமீட்டர். அது சுமார் 28 டன் வரை தாங்கும். கருங்கல்லின் அடர்த்தியோ கனமீட்டருக்கு 2.7 டன். வகுத்துப் பாருங்கள். பத்துக் கனமீட்டருக்குச் சற்று மேல் கல் ஏற்றியதும் பெட்டியின் தாங்குதிறன் தீர்ந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கு இடம் காற்றாகவே கடலைக் கடக்கும்.

இப்போது, பல பேருடைய சரக்கைச் சேர்த்து ஏற்றும் முகவரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். கல்லை 8.6 கனமீட்டரும் பாயை 24.4 கனமீட்டரும் ஏற்றினால், இடமும் நிரம்பும், எடையும் 28 டன்னாகும். கல்லுக்கு எடைப்படி 23 பங்கு, பாய்க்கு இடப்படி 24 பங்கு, ஆக 47 பங்குக் கூலி 33 கனமீட்டர் பெட்டியிலிருந்து கிடைக்கும். ஏட்டுக் கணக்கு இது. மூட்டைகளுக்கு நடுவே சந்து விழாமல் யாரும் அடுக்க முடியாது. ஆனால் கனத்த சரக்கையும் இலேசான சரக்கையும் கலந்து ஏற்றுவதில் ஆதாயம் எங்கே இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். பழங்காலத்து மாலுமியும் இரும்பையும் ஈயத்தையும் அடித்தட்டில் இறக்கி, துணியையும் மிளகையும் மேலே அடுக்கினான். கப்பல் கவிழாதிருக்கத்தான் அப்படிச் செய்தான் என்றாலும், கூலியும் அதே வழியில் வந்தது.

கடற்பயணம் இவ்வாறு மலிவாக அமைந்துவிடும். செலவு பெருகுவது கரையில். இங்கிருந்து வரலாற்றுக்குப் போவோம்.

காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் சுங்கம் கொள்வோரைப் பற்றிய விவரம் இருக்கிறது. கடலிலிருந்து இறங்கும் பொருள்களும் கடலுக்கு ஏறும் பொருள்களும் அளந்தறியமுடியாதபடி முற்றத்தில் குவிந்திருக்க, அவற்றின்மேல் சோழனுடைய புலி இலச்சினையைப் பொறித்தார்களாம். முத்திரை விழாத மூட்டை சோதிக்கப்படாத மூட்டை. இதே வழக்கம் மறுகரையிலும் இருந்தது. வியன்னாவில் உள்ள, 1985இல் வெளியிடப்பட்ட, கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு ஒன்று முசிறியோடு தொடர்புடைய கடன் ஒப்பந்தத்தைக் கூறுகிறது. ஹெர்மபொல்லான் என்ற கப்பலில் கங்கைக்கரைச் சடாமாஞ்சியும் தந்தமும் போயின. சரக்கு செங்கடற்கரையில் இறங்கி, பாலைவனத்தைக் கடந்து நைல் ஆற்றங்கரையிலுள்ள கோப்டோஸ் நகரை அடைந்து, அங்கிருந்து அலெக்சாந்திரியாவின் பண்டகசாலைக்குப் போகவேண்டும். வழிநெடுகக் கடன் கொடுத்தவரின் முத்திரை அதன்மேல் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அலெக்சாந்திரியாவில் ரோமானியர் கொண்ட வரி எவ்வளவு தெரியுமா? நாலில் ஒரு பங்கு! சரக்கு விற்பதற்கு முன்பே கால்பங்கு போய்விடும் என்று தெரிந்தும் வணிகர் வந்தார்கள். வரி கடுமையானது, ஆனால் அளவு முன்கூட்டியே தெரிந்தது. கடன் கொடுத்தவன் அதை வைத்தே கணக்குப் போட்டான்.

திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று உண்டு. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும் அங்கே வைத்திருந்த மருந்துகளையும் விவரிப்பதால் அது புகழ்பெற்றது. 1063 முதல் 1070 வரை ஆண்ட அந்த மன்னனின் மற்றொரு கல்வெட்டு, அவன் கடல் கடந்து கடாரத்தை வென்றதைக் கூறும். படை போன திசையில் நம் வணிகரும் போனார்கள். யார் முன்னே போனார் என்பது வேறு கதை. 1088ஆம் ஆண்டில் சுமத்ராவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பெயர்போன பாருஸ் பகுதியில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழில் ஒரு கல்வெட்டை நட்டார்கள். லோபு துவா என்ற இடத்தில் கிடைத்த அந்தக் கல் ஜகார்த்தா அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் அதைப்பற்றி எழுதினார், பிற்காலத்தில் எ. சுப்பராயலு மேலும் தெளிவாகப் படித்தார்.

அந்தக் கல் என்ன சொல்கிறது? மன்னனின் புகழை அல்ல. மரக்கலத்தின் தலைவனும் அதில் வேலைசெய்வோரும், 'அஞ்சு துண்டாயம்' என்னும் ஆயத்தைக் கஸ்தூரியின் விலையை ஒட்டிப் பொன்னாகச் செலுத்திவிட்டுத்தான் பாவாடையில் ஏறவேண்டும், அதாவது விரித்த துணியின்மேல் கால்வைத்து ஊருக்குள் வரவேண்டும் என்கிறது. எந்த மொழிக்காரன் எந்தப் பணத்தைக் கொண்டுவந்தாலும் தகராறு எழாதபடி, எல்லோருக்கும் விலை தெரிந்த ஒரு பொருளை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் நாம் ஒரு படித்தர எடையை வைத்துக்கொள்வது போன்றதே இது.

வியப்பு என்னவென்றால், இதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1087இல், சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் சோங் அரசு கடல்வணிக அலுவலகம் ஒன்றை நிறுவியிருந்தது. நயமான சரக்குக்குப் பத்தில் ஒன்று, முரட்டுச் சரக்குக்குப் பதினைந்தில் ஒன்று என்ற விகிதம் சீனத் துறைமுகங்களில் நெடுநாள் வழங்கியது. அந்தச் சுவான்சௌவில் 1281இல் தமிழர் ஒரு சிவன் கோயிலுக்குத் தமிழில் கல்வெட்டுப் பொறித்தார்கள் என்றால், அந்த விகிதம் அவர்களுக்குக் கட்டுபடியாயிற்று என்றுதானே கொள்ளவேண்டும்?

விகிதம் தெரியாத கடற்கரை எப்படி இருந்திருக்கும் என்பதை ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளிக் கல்தூண் காட்டுகிறது. காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-45இல் வெளியிட்ட அபய சாசனம் அது. முன்னிருந்த அரசர்கள், புயலில் உடைந்து கரையொதுங்கிய கப்பல்களின் சரக்கு முழுவதையும் பறித்துக்கொண்டார்கள் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். உயிரினும் பொருள் பெரிதென்று கடலில் இறங்கியவர்களிடம், வரையறுத்த சுங்கத்தைத் தவிர வேறெதையும் கொள்ளமாட்டோம் என்று உறுதி கூறுகிறான். ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் முப்பதில் ஒன்று. பிறகு சந்தனம், கற்பூரம், முத்து, தந்தம், பட்டு, மிளகு எனப் பொருள்வாரியாக வீதங்கள் வருகின்றன. கருணையினால் செய்ததாகச் சாசனம் கூறுகிறது. கருணையோடு, கப்பல்கள் வேறு துறைமுகம் தேடிப் போய்விடும் என்ற அச்சமும் சேர்ந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

நடுவில் பல நூற்றாண்டுகளைத் தாண்டுவோம். 1956 ஏப்ரலில் அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்பவர் 58 இரும்புப் பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5 டாலர் 86 சென்ட் ஆன இடத்தில், பெட்டியாக ஏற்ற 16 சென்டுக்கும் குறைவாகவே ஆயிற்று என்று கணக்கிட்டார்கள். 1983இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. பெட்டி முழுவதையும் நிரப்புகிறவருக்கு இது பெரிய வரப்பிரசாதம். பங்குச் சரக்குக்காரருக்கு முழுப் பயன் கிட்டவில்லை. ஏனென்றால் அவருடைய மூட்டையை யாரோ ஒருவர் கையால் எடுத்துப் பெட்டிக்குள் அடுக்கவேண்டும், மறுகரையில் இன்னொருவர் பிரித்தெடுக்கவேண்டும். மக்லீன் ஒழித்த வேலை, பங்குச் சரக்கின் இரு நுனிகளிலும் அப்படியே இருக்கிறது. போட்டியினால் கடற்கூலியை மிகக் குறைத்துச் சொல்லும் முகவர்கள், இறங்குமிடத்துக் கட்டணங்களில் அதை ஈடுகட்டிக்கொள்வதும் உண்டு. நண்பருடைய பில்லின் மர்மம் இதுவே. கூலியை மட்டும் கேட்காமல், இறங்குமிடத்துக் கட்டணங்கள் ஒவ்வொன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்றேன்.

சுங்கத்திலும் பங்குச் சரக்குக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் ஷிப்பிங் பில், விலைப்பட்டியல், பொதிப்பட்டியல் ஆகியவற்றைக் கொடுக்கவேண்டும். பொருள் எந்த இனம் என்பதை, 1988 முதல் உலகெங்கும் வழங்கும் ஆறிலக்க எண்ணால் குறிக்கவேண்டும். கற்பொருள்களுக்கு 68ஆம் அத்தியாயம். அதற்குள் கட்டடக் கல்லுக்கும் சிற்பக் கல்லுக்கும் ஒரு தலைப்பு, அரைக்கும் கல்லுக்கு வேறு தலைப்பு. அம்மி எதில் சேரும் என்று நண்பரும் அவருடைய சுங்க முகவரும் ஒரு காலைப்பொழுது முழுவதும் வாதாடினார்களாம். இப்படி ஒருவருடைய தாளில் பிழை இருந்தாலும், சோதனை முடியும் வரை அந்தப் பெட்டியிலுள்ள எல்லோருடைய சரக்கும் காத்துக்கிடக்க நேரலாம். காத்திருக்கும் நாளுக்கும் வாடகை உண்டு.

நண்பருக்கு நேர்ந்தது தாளில் அன்று, மரத்தில். ஊர்த் தச்சர் செய்த பலகைப் பெட்டியில் கல்லை அடைத்து அனுப்பிவிட்டார். மரத்துக்குள் பூச்சிகள் நாடு விட்டு நாடு போவதைத் தடுக்க 2002இல் ஒரு பன்னாட்டு விதி ஏற்பட்டது. அதன்படி வெப்பமூட்டும் முறையில், பலகையின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்கவேண்டும். அதற்கு அடையாளமாகக் கதிர் உருவம் கொண்ட முத்திரை குத்தவேண்டும். மரம் வெப்பத்தை அரிதாகவே கடத்தும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். ஆகவே மேற்பரப்பு சுட்டால் போதாது. நடுப்பகுதி சூடேறப் பல மணி நேரம் பிடிக்கும். முத்திரையில்லாத அந்தப் பெட்டி மறுகரையில் நிறுத்தப்பட்டது. அம்மி விற்ற பணத்தைவிடப் பெட்டியை மாற்றிய செலவு அதிகமாயிற்று. அவ்வாண்டு அவர் பட்டறைக்கு வாங்கியிருந்த கடனை அடைக்க முடியவில்லை. புலி முத்திரையின் கதையை அவரிடம் அப்போது சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பகிர்ந்து ஏற்றுவதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகருக்கு ஏடனிலிருந்து வந்த கடிதங்கள், கெய்ரோவின் பழைய யூதக் கோயிலில் கிடைத்த ஏடுகளில் உள்ளன. அவர் தம் மிளகையும் இரும்பையும் ஒரே கப்பலில் ஏற்றாமல் பல கப்பல்களில் பிரித்து அனுப்பினார். அவற்றில் ஒன்று ஏடனை நெருங்கும் கடலில் மூழ்கிற்று. மிளகு அத்தனையும் போயிற்று. இரும்பு அடியில் கிடந்ததால், ஏடனிலிருந்து முத்துக்குளிப்போர் போல மூழ்குவோரை வரவழைத்து ஏறக்குறைய பாதியை எடுத்தார்கள். மீட்ட செலவை விற்ற பணத்தில் கழித்து, மிச்சத்தைச் சரக்குக்காரர்களுக்கு அவரவர் பங்குப்படி பிரிப்பதாகக் கடிதம் கூறுகிறது.

இந்தப் பங்கீட்டு முறை அதைவிடப் பழையது. புயலில் கப்பலைக் காக்க ஒருவருடைய மூட்டையைக் கடலில் எறிந்தால், தப்பிய மூட்டைக்காரர் எல்லோரும் அவருக்கு ஈடு செய்யவேண்டும் என்பது ரோட்ஸ் தீவின் வழக்கம். 533இல் ஜஸ்டினியன் தொகுப்பித்த ரோமானியச் சட்ட நூலில் அது இடம்பெற்றது. இன்றும் பொதுச் சேதம் என்ற பெயரில் அது நடப்பிலுள்ளது. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் சிக்கிக்கொண்டதே, நினைவிருக்கிறதா? மீட்டபின் கப்பலின் உரிமையாளர் பொதுச் சேதம் அறிவித்தார். சரக்குக்காரர் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்தபின்பே சரக்கைப் பெறலாம் என்றாயிற்று. பெட்டியில் ஒரு மூலை எடுத்திருந்தவருக்கும் இதே விதிதான்.

இதைக் கேட்ட நண்பர், "எவனோ கப்பலை முட்டினதுக்கு நான் ஏன் சார் கட்டணும்?" என்றார். சென்ற மாதம் அடுத்த சரக்குக்கு எடுத்த காப்பீட்டுப் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். இரண்டாம் பக்கத்தில் பொதுச் சேதம் பற்றிய வரியின்கீழ்ப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.