கரம்பொன் தந்த ஒலிபரப்பாளர்: சோ. சிவபாதசுந்தரம்

யாழ்ப்பாணத் தீவகத்தில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன் சிற்றூர்தான். ஆனால் ஓராண்டு இடைவெளியில் அங்கு பிறந்த இருவர் தமிழைக் கடல்கடந்து கொண்டுசென்றனர். 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகளாரைத் தீவகம் மறக்கவில்லை. 1912 ஆகஸ்ட் 27ஆம் நாள் பிறந்த சோ. சிவபாதசுந்தரத்தின் பெயரோ நம் விழா மலர்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. 'சைவ போதம்' எழுதிய புலோலி சு. சிவபாதசுந்தரனார் வேறு, இவர் வேறு என்பதையும் இளையவர்களுக்காக இங்கே சொல்லிவிட வேண்டும்.

நா. பொன்னையா 1930இல் தொடங்கிய 'ஈழகேசரி'க்கு 1938 முதல் 1942 வரை சிவபாதசுந்தரம் ஆசிரியராக இருந்தார். இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் போன்றோர் எழுதி வளர்ந்த பத்திரிகை அது. அந்த அச்சுக்கூடப் பயிற்சியோடுதான் அவர் கொழும்பு வானொலிக்குச் சென்றார். போர்க்காலம் அது. செய்தி எங்கே, யார் வாயிலிருந்து வருகிறது என்பதைச் சனங்கள் காதைத் தீட்டிக் கேட்ட காலம்.

வானொலியின் அருமை தீவாருக்குத் தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடல் கொந்தளித்தால் நெடுந்தீவுக்கு லோஞ்சு ஓடாது. பத்திரிகையும் கடிதமும் துறையிலேயே தங்கிவிடும். காற்றில் வரும் குரலுக்கு மட்டும் அந்தத் தடை இல்லை.

பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3இல் போர்க்காலச் செய்திமடலாகத் தொடங்கியது. நாற்பதுகளின் பிற்பகுதியில் லண்டன் சென்று அதில் பணியாற்றிய சிவபாதசுந்தரம், பாரதி பாடலிலிருந்து எடுத்து அதற்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டார். எழுபத்தாறு ஆண்டுகள் நீடித்து 2017 ஏப்ரல் 30இல் சிற்றலை ஒலிபரப்பு நிறைவுறும் வரை அந்தப் பெயரே நிலைத்தது. இன்று அவரை அறிந்த பலரும் இந்த ஒரு செய்தியோடு நின்றுவிடுகிறார்கள். அவருடைய பெரும்பணி அதுவல்ல என்பது என் துணிபு.

அவருடைய பெரும்பணி, 1954இல் வெளிவந்த 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூல். வானொலிக்குப் பேசுவதும் எழுதுவதும் கற்றுத் தேற வேண்டிய ஒரு தொழில், அதைத் தமிழிலேயே கற்பிக்கலாம் என்று அப்போதே நம்பியவர் அவர். அந்த ஆண்டை மனத்தில் கொள்ள வேண்டும். தமிழகத்தில் மேடைத் தமிழ் உச்சத்தில் இருந்த காலம். அடுக்குமொழிக்குக் கைதட்டல் எழும் கூட்டத்தின் தமிழ் வானொலிக்கு உதவாது. அங்கே கூட்டம் இல்லை. விறாந்தையில் அமர்ந்து ஒருவர் கேட்கிறார், அல்லது ஒரு குடும்பம் கேட்கிறது. அச்சில் புரியாத வரியை மீண்டும் படிக்கலாம். காற்றில் போன வாக்கியம் போனதுதான். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் எட்டு அடைமொழிகளைச் சுமந்த நெடுவாக்கியம் செய்தி வாசிப்பில் கேட்பவரைத் திணறடித்துவிடும். எண்களை அடுக்கினால் ஒன்றும் மனத்தில் நிற்காது. இன்றைய அறிவிப்பாளர் பலரிடம் காணும் குறை குரலில் இல்லை. எழுதியதை அப்படியே வாசிப்பதுதான் அவர்களுடைய குறை.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் நடப்பதை எண்ணிப் பார்க்கிறேன். ஒருவர் பாட்டைப் பிழையறப் படிப்பார். இன்னொருவர் பயன் சொல்வார். சபை அதைச் செவியாலேயே பெற்றுக்கொள்ளும். உச்சரிப்பு தவறினால் திருத்துவதற்கு முன்வரிசையில் ஆள் இருக்கும். இப்படிச் செவிக்கு மதிப்புக் கொடுத்த மண்ணிலிருந்து ஒலிபரப்பைக் கலையாகக் கண்ட ஒருவர் எழுந்தது எனக்கு இயல்பாகவே படுகிறது.

வானொலிக்கு அப்பால், சிவபாதசுந்தரம் மாணிக்கவாசகர், புத்தர், சேக்கிழார் ஆகியோரின் அடிச்சுவட்டில் ஊர் ஊராகப் பயணம் செய்து நூல்கள் எழுதினார். அகில இந்திய வானொலியில் பணியாற்றிய சிட்டியுடன் சேர்ந்து தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றையும் எழுதினார். இரண்டு வானொலிக்காரர்கள் இலக்கிய வரலாறு எழுதியது தற்செயலாக இருக்கலாம். ஆனாலும் கதை சொல்லும் ஓட்டம் அந்நூலில் தெரிகிறது.

அவர் மறைந்த 2000ஆம் ஆண்டைக் குறிப்பிடாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 10இல் பொதுத்தேர்தல் நடந்தது. ஊர்காவற்றுறைத் தொகுதியும் அடங்கிய யாழ்ப்பாண மாவட்டத்தில் நிகழ்ந்த வாக்கு மோசடிகளையும் மிரட்டல்களையும் வெளியுலகுக்குச் சொன்னவர் மயில்வாகனம் நிமலராஜன். பிபிசியின் தமிழ், சிங்களச் சேவைகளுக்கும் வீரகேசரிக்கும் ராவயவுக்கும் செய்தி அனுப்பியவர். அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், யாழ்ப்பாணத்திலுள்ள தம் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது யன்னல் வழியே சுட்டுக் கொல்லப்பட்டார். கைக்குண்டும் வீசப்பட்டது, பெற்றோரும் மருமகனும் காயமடைந்தனர். 2021இல் இலங்கையில் வழக்கு கைவிடப்பட்டது. 2022 பெப்ரவரியில் லண்டன் பொலிஸார் ஒருவரைக் கைதுசெய்து விசாரித்தனர். தமிழோசைக்குப் பெயரிட்டவர், அதன் யாழ்ப்பாணச் செய்தியாளர் கொல்லப்பட்டு மூன்று வாரம் ஆவதற்குள், நவம்பர் 8இல் தம் எண்பத்தெட்டாவது வயதில் மறைந்தார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இன்று ஊடகக் கற்கைகள் தனித்துறையாக இருக்கின்றன. அந்த மாணவர் கையில் 'ஒலிபரப்புக் கலை' இருக்க வேண்டும். தீவகத்துச் சங்கங்களும் கனடா, லண்டன் ஊர்ச்சங்கங்களும் மலர்களுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை ஒதுக்கினால் போதும், நல்ல பதிப்பாசிரியர் ஒருவரைக் கொண்டு புதிய பதிப்பைக் கொண்டுவந்துவிடலாம். கரம்பொன் பாடசாலை நூலகத்துக்கு அதன் முதற்படி போய்ச்சேரட்டும்.