பருப்புக்கறி லேசு எண்டு ஆர் சொன்னது?

எங்கட அறையில் நாங்கள் நாலு பெடியள். ஒருவன் வலிகாமம், ஒருவன் புதுக்குடியிருப்பு, ஒருவன் ஹட்டன் பக்கத் தோட்டம், ஒருவன் மட்டக்களப்பு படுவான்கரை. கம்பசுக்கு வரும்வரை தேத்தண்ணி தவிர வேறொன்றும் போடத் தெரியாது. எங்கட தங்கச்சிமார் பன்னிரண்டு வயதிலேயே சோறு வடித்தார்கள். நாங்கள் அதைச் சாப்பிட்டுவிட்டு கிரிக்கெட் விளையாடப் போனோம். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அந்த இலக்கத்தை நாங்கள் பத்திரிகையில் பார்த்து அறியவில்லை, சோத்துப் பார்சலின் விலையில் அறிந்தோம். பார்சல் கட்டுப்படியாகாமல் போனபோதுதான் ஒரு பானையும் ஒரு தாச்சியும் வாங்கினோம்.

முதல் நாள் சோறு அடிப்பிடித்தது. வயல்காரன் மகன் என்று படுவான்கரைக்காரனை நம்பிப் பானையைக் கொடுத்தோம். அவனுக்கு நெல்லைப் பற்றி எல்லாம் தெரியும், உலை வைக்கத்தான் தெரியாது. வலிகாமத்தான் அம்மம்மாவுக்கு போன் எடுத்தான். "எத்தினை சுண்டு போட்டனியள்?" என்பதுதான் அவவின் முதல் கேள்வி. நாலு சுண்டு ஒரு கொத்து என்பது அவவின் கணக்கு. கிலோ அவவுக்கு இன்னும் சரிவரவில்லை. கொத்து என்றதும் கூப்பன் காலக் கதையும் சேர்ந்து வந்தது.

அந்தக் கதையைப் பிறகு நாங்கள் நூலகத்தில் தேடி வாசித்தோம். 1942இல் பர்மா யப்பானியரிடம் விழுந்ததோடு அங்கிருந்து வந்த அரிசி நின்றது. இலங்கையில் அரிசிப் பங்கீடு தொடங்கியது. போர் முடிந்தும் கூப்பன் முடியவில்லை. 1953இல் ஒரு கொத்து கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலுக்குள் போய்க் கூடியது. டட்லி சேனநாயக்க பின்னர் பிரதமர் பதவியை விட்டார். எங்களுக்கு அளவுப் பேணியாக மட்டும் தெரிந்த கொத்து, ஓர் அரசாங்கத்தையே ஆட்டியிருக்கிறது.

சோறுக்கு அடுத்ததாக ரொட்டி பழகினோம். இதில் ஹட்டன்காரன்தான் குரு. தோட்டத்தில் விடிய வேலைக்குப் போகிறவர்களின் சாப்பாடு கோதுமை மா ரொட்டியும் சம்பலும். மலையேறிக் கொழுந்து பறிக்கிற இடத்துக்குக் கட்டிக்கொண்டு போகலாம், ஆறினாலும் பழுதாகாது. இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. உலகப் போர்க் காலத்தில் அரிசிக்குப் பதிலாக மாவைத் தந்து பழக்கினார்கள். 1950களின் பிற்பகுதியிலிருந்து பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவித் திட்டத்தின் கீழும் வந்தது. யாழ்ப்பாணத்தில் அதற்குப் பெயரே அமெரிக்கன் மா. அம்மம்மா சொல்லித்தந்தபடி அந்த மாவில் புட்டு அவித்துப் பார்த்தோம். பச்சை மாவில் குழைத்தால் பசை மாதிரி ஒட்டும். அதனால் முதலில் மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, சூட்டோடு உடைத்து, அரிதட்டால் அரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அது அரிசிமா மாதிரி உதிரும். எங்கிருந்தோ கப்பலில் வந்த தானியத்தை எங்கட நீத்துப்பெட்டிக்கு ஏற்ற மாதிரி மாற்றியவர்கள் இந்தக் குசினிப் பெண்கள்தான். பி.எல். 480 பரீட்சைக்கு வரும், மா அவிக்கிற விதம் வராது.

சம்பல் இடித்த அன்றுதான் அறைக்குள் சண்டை வந்தது. சம்பல் என்றால் செத்தல் மிளகாய். செத்தல் என்றால் வலிகாமத்தானின் வீட்டில் ஒரு பொற்காலம். 1970இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியை இறுக்கியது. யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கும் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற குடியேற்றத் திட்டங்களில் இறங்கிய இளைஞருக்கும் நல்ல விலை கிடைத்தது. அவனுடைய அப்பப்பா மிளகாய்க் காசில் கல்வீடு கட்டினார். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து அந்தச் சந்தை சரிந்ததை அந்த வீட்டில் இன்றும் ஒரு சாவீடு மாதிரித்தான் சொல்வார்களாம்.

ஹட்டன்காரன் இடித்துக்கொண்டிருந்த உலக்கையை வைத்தான். "அந்தக் காலத்துலதான் எங்க ஆளுக பட்டினியில செத்தாங்க" என்றான்.

அவன் சொன்னது உண்மை. 1973, 74இல் உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் விலை ஏறின. பங்கீடு வெட்டப்பட்டது, மாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலோ மரவள்ளி நட ஒரு மூலையோ இருந்தது. லயத்தில் இருந்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு முழ நிலமும் இல்லை, பங்கீட்டு மாவும் தோட்டச் சம்பளமும்தான். தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. பிழைக்க வழி தேடிப் பலர் வன்னிக்கு இறங்கினார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த கூலி வேலைகளில் மிளகாய்த் தோட்ட வேலையும் ஒன்று.

ஒரே அரசாங்கம், ஒரே ஆண்டுகள். ஒரு வீட்டில் அதைக் கல்வீட்டுக் காலம் என்று நினைக்கிறார்கள், இன்னொரு வீட்டில் மா இல்லாத காலம் என்று. பள்ளிக்கூடத்தில் "உள்ளூர் உற்பத்தி ஊக்குவிக்கப்பட்டது" என்று ஒரு வரியில் படித்தபோது இது எங்களில் ஒருவனுக்கும் உறைக்கவில்லை. அன்றைய சம்பலுக்கு உப்புக் கூடிவிட்டது. ஒருவனும் குறை சொல்லவில்லை.

பருப்புக்கறி எங்களுக்கு வெற்றி தந்த கறி. கழுவி, மஞ்சளும் பச்சை மிளகாயும் உள்ளியும் போட்டு அவியவிட்டு, கடைசியில் பாலை விட்டு, தாளித்துக் கொட்டினால் முடிந்தது. இருபது நிமிசம். புதிதாகச் சமைக்கப் பழகுகிறவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். மைசூர்ப் பருப்பு என்று சொன்னாலும் அது மைசூரில் இருந்து வருவதில்லை. குளிர்ந்த, காய்ந்த நிலங்களில் விளைவது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து வந்து எங்கட சாக்குக்குள் இருக்கிறது.

புதுக்குடியிருப்பானின் அம்மா ஒருநாள் அவனைப் பார்க்க வந்தா. மகன் சமைக்கிறான் என்று கேள்விப்பட்டு அவவுக்குச் சரியான சந்தோசம். நாங்களும் எடுப்பாகப் பருப்புக்கறி, கருவாட்டுப் பொரியல், சம்பல் வைத்தோம். அவ சோற்றில் சம்பலையும் கருவாட்டையும் போட்டுக்கொண்டா. பருப்புச் சட்டியை நீட்டினோம்.

"வேண்டாம் தம்பி. நீங்கள் சாப்பிடுங்கோ."

கறி சரியில்லையோ என்று நாங்கள் யோசித்தோம். அவ போன பிறகுதான் அவன் சொன்னான். 2009இல் அவர்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தார்கள். அந்த ஆண்டு முகாம்களுக்குள் வைக்கப்பட்டவர்கள் கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர். முதலில் சமைத்த சாப்பாட்டுக்கு வரிசை, பிறகு நிவாரணப் பொருட்கள்: அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். மாதக் கணக்கில் பருப்பு. அவனுடைய அண்ணா அதற்கு முந்தின மாதங்களில் போய்விட்டார். "அம்மா பருப்பு அவிக்கிற மணத்துக்கே எழும்பிப் போயிடுவா. வீட்டில வைக்கிறேல்லை." இத்தனை நாளும் எங்களோடு இருந்து அந்தக் கறியைச் சாப்பிட்டவன், முதல் தரம் இதைச் சொன்னான்.

அதற்குப் பிறகும் பருப்பு வைக்கிறோம், மாதக் கடைசியில் வேறு வழி இல்லை. ஆனால் அவன் வீட்டிலிருந்து யாராவது வந்தால் வைப்பதில்லை. இது எந்தச் சமையல் குறிப்பிலும் இல்லாத ஒரு குறிப்பு.

கஞ்சியை நாங்கள் கடைசியாகத்தான் பழகினோம். அரிசி, தண்ணி, உப்பு, அவ்வளவுதான். முள்ளிவாய்க்காலில் இறுதி நாட்களில் சனத்தை உயிரோடு வைத்திருந்தது அதுதான். அதனால் ஒவ்வொரு மே மாதமும் வடக்கிலும் கிழக்கிலும் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். 2024 மே மாதம் திருகோணமலை சம்பூரில் அப்படிக் கஞ்சி கொடுத்ததற்காக நால்வர் கைது செய்யப்பட்டார்கள். பானையில் இருந்தது சோறும் தண்ணியும்.

அந்த 18ஆம் திகதி நாங்களும் அறையில் காய்ச்சினோம். படுவான்கரைக்காரன்தான் அடுப்படியில் நின்றான், இந்தமுறை அடிப்பிடிக்கவில்லை. புதுக்குடியிருப்பானின் அம்மா போன் எடுத்தா. என்ன சமையல் என்று கேட்டா, சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பால் விட்டனியளோ?" என்று கேட்டா.

"இல்லையம்மா, விடேல்லை."

"சரி. சூட்டோட குடியுங்கோ."